கடுகு மாற்றி வைத்த பிரிண்டர்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அவளுக்குக் கடுகு என்று பேர். ஆள் குள்ளம், கொஞ்சம் சூடு பட்டாலும் வெடிப்பாள், அதனால் வந்த பேர். முகத்துக்கு நேரே எல்லாரும் "அக்கா" என்றார்கள்; அவள் அந்தப் பக்கம் திரும்பினதும் கடுகு. அது அவள் காதிலும் விழுந்திருந்தது. "கடுகுன்னே கூப்பிடுங்க, எனக்கென்ன வந்துச்சு. உங்களை மாதிரி உப்புச்சப்பில்லாம இருக்கறதுக்கு அது தேவலை" என்பாள்.

வாய் அப்படி. ஆனால் கைக்கும் அந்த வாய்க்கும் சம்பந்தமே கிடையாது. ஊசி உள்ளே போனதும் தெரியாது, வெளியே வந்ததும் தெரியாது. நரம்பே அகப்படாத குண்டு ஆசாமிகள், ஊசியைப் பார்த்தாலே மயக்கம் போடுகிறவர்கள், இடுப்பிலிருந்து இறங்க மறுக்கும் குழந்தைகள் எல்லாரும் முதல் கவுன்டருக்குத்தான் வரிசை கட்டுவார்கள். "அவங்க திட்டினாலும் பரவாயில்ல, அவங்களே எடுக்கட்டும்" என்று காத்திருப்பார்கள். அவள் திட்டிக்கொண்டே எடுப்பாள். அந்தக் கவுன்டரும் அந்த நாற்காலியும்தான் அவளுக்கு உலகம். வீட்டில் அவள் பேச்சை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே நாலு பேர் அவளுக்காகப் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இரண்டாவது கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள் இன்சார்ஜ். கடுகின் கணவனுடைய தங்கை. அதாவது சொந்த நாத்தனார்.

அந்த நாத்தனாரை இங்கே கொண்டுவந்து சேர்த்ததே கடுகுதான். படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தவளைக் கையோடு கூட்டி வந்து, பெரிய டாக்டரிடம் பேசி, வேலை வாங்கிக் கொடுத்தாள். முதல் ஊசியைக் குத்தத் தன் கையையே நீட்டினாள். மூன்று இடத்தில் தப்பாகக் குத்தி, நாலாவது இடத்தில் ரத்தம் வந்தது. முழங்கை மடிப்பு ஒரு வாரம் நீலம் பாரித்துக் கிடந்தது. அதைக் கணவனிடம் காட்டி, "உங்க தங்கச்சி பண்ணின வேலையைப் பாருங்க" என்று சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பு வந்தது.

நாத்தனாருக்குக் கம்ப்யூட்டரும் வரும், இங்கிலீஷும் வரும், வாயை எங்கே மூடிக்கொள்ள வேண்டும் என்பதும் வரும். ஆறே வருஷத்தில் அவளை இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். சரி, வீட்டுப் பெண்தானே என்று கடுகு பல்லைக் கடித்துக்கொண்டாள். இன்சார்ஜ் ஆன முதல் மாதத்திலேயே அந்த வீட்டுப் பெண் அவளுக்கு ஒரு மெமோ கொடுத்தாள். தாமதமாக வந்ததற்கு விளக்கம் தர வேண்டுமாம். கடுகு அன்று தாமதமாக வந்தது மாமியாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனதால். மாமியார் என்றால் யார், அந்த இன்சார்ஜைப் பெற்ற அம்மா.

"உங்கம்மாவைத்தான்டி கூட்டிட்டுப் போனேன்!" என்று கடுகு கவுன்டரிலேயே கத்தினாள்.

"அது வீட்டு விஷயம் அண்ணி. இது ஆபீஸ். எழுதிக் குடுங்க" என்றாள் நாத்தனார்.

அன்றோடு பேச்சு நின்றது. நாலு வருஷமாக நின்றது. ஒரே வீட்டில் மாடியில் அவள், கீழே இவள். படிக்கட்டில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி வானத்தைப் பார்ப்பாள். "தண்ணி மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க" என்று கீழேயிருந்து கணவன் வழியாகப் போகும். "நிறுத்தியாச்சுன்னு சொல்லுண்ணா" என்று மேலேயிருந்து அதே ஆள் வழியாக வரும். பாவம் அந்த மனுஷன், தங்கைக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் படியேறிப் படியேறி முட்டி தேய்ந்தவர். கவுன்டரில் அந்த வேலையை வாசல் காவலாளி பார்த்தார். "மஞ்சள் மூடி ட்யூப் தீந்துபோச்சாம்" என்று இந்தப் பக்கமும், "அலமாரியில இருக்காம்" என்று அந்தப் பக்கமும் அவர் நடந்துகொண்டே இருந்தார்.

இப்படிப்பட்ட இரண்டு பேருக்கு நடுவில்தான் அந்த இரண்டு லேபிள் பிரிண்டர்களும் வந்து சேர்ந்தன.

ஆளுக்கொரு சின்னப் பிரிண்டர். வந்தவர் பேரைக் கம்ப்யூட்டரில் அடித்து பட்டனைத் தட்டினால், பேரும் கோடுகளும் அச்சான ஒரு துண்டு லேபிள் வெளியே வரும். ரத்தம் எடுத்து ட்யூபில் அதை ஒட்டி, கீழே சோதனை அறைக்கு அனுப்ப வேண்டும். கீழே இருக்கிறவர்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, லேபிளைத்தான் பார்ப்பார்கள். ஆகவே லேபிள் மாறினால் ஆளே மாறின கணக்கு. பக்கத்துத் தெருவில் இன்னொரு நிலையத்தில் அப்படி ஏதோ நடந்து பெயர் கெட்டுப்போனதிலிருந்து பெரிய டாக்டருக்குப் பயம் பிடித்திருந்தது. எல்லாரையும் நிற்க வைத்துச் சொன்னார்: "லேபிள் மாறுச்சுன்னா, யாரா இருந்தாலும் சரி, அன்னிக்கோட கவுன்டர் கிடையாது. கீழ போய் ட்யூப் பிரிக்க வேண்டியதுதான். அப்புறம் ஊசியைத் தொடவே விட மாட்டேன்."

கீழ்த்தளத்தில் ஜன்னல் கிடையாது. மனுஷ முகமும் கிடையாது. அங்கே போனால் கடுகு யாரைத் திட்டுவாள்?

பிரிண்டர்கள் இரண்டும் ஒயர் வழியாக மூலையில் இருந்த ஒரு பெட்டியில் போய்ச் சேர்ந்தன. பெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கும். கம்ப்யூட்டரில் போர்ட் என்று ஓர் இடம் உண்டு. எந்த எண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று அங்கே டிக் அடித்து வைத்திருப்பார்கள். தபால்காரர் கதவு எண்ணைப் பார்த்துக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போவது மாதிரி, கம்ப்யூட்டர் அந்த எண்ணுக்கு அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். அந்த வீட்டில் இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்பது அதற்குக் கவலை இல்லை.

ஒரு நாள் மதியம் மின்சாரம் போய்விட்டு வந்தது. பெட்டி கண் விழித்து எண்களை மறுபடி விநியோகம் செய்தது. செய்ததில் இந்தப் பிரிண்டரின் எண் அதற்குப் போனது, அதன் எண் இதற்கு வந்தது. கடுகு பட்டனைத் தட்டினாள். மூடி விரிசல் விட்ட அவள் பிரிண்டர் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தது. நாத்தனாரின் பிரிண்டர் கர்ரென்று லேபிளைத் துப்பியது.

வேறு இரண்டு பேராக இருந்தால் சிரித்துக்கொண்டு கை மாற்றியிருப்பார்கள். நாத்தனார் அந்த லேபிளைக் கிழித்து மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காவலாளி வந்து எடுத்துக் கொடுத்தார். அடுத்த நிமிஷம் நாத்தனாரின் லேபிள் கடுகின் மேஜையில் வந்தது. கடுகு அதை இரண்டு விரலால், ஏதோ செத்த பூச்சியைத் தூக்குவது போலத் தூக்கிக் காவலாளியிடம் நீட்டினாள். மதியம் முழுக்க அந்த மனுஷன் லேபிள் சுமந்தார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் செத்துடுவேன் போலிருக்கு" என்று அவர் முனகியதைக் காத்திருந்தவர்கள் கேட்டுச் சிரித்தார்கள்.

சிரிப்பு கடுகுக்குச் சுருக்கென்று தைத்தது. இதை இவள் சரி செய்து நல்ல பேர் வாங்குவதற்குள் நாமே செய்துவிட வேண்டும் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கறுவிக்கொண்டே போனாள்.

அவள் போன பிறகு நாத்தனார் கொஞ்ச நேரம் தங்கினாள். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்காரருக்குப் போன் செய்தாள். அவர் எங்கோ வேறு வேலையில் இருந்தார். "நாளைக்கு வந்து எண்ணை நிரந்தரமாப் போட்டுத் தரேன் மேடம். இப்போதைக்கு நீங்களே மாத்திக்கலாம். பிரிண்டர்ல பிராப்பர்ட்டீஸ் போங்க, போர்ட்ஸ்னு இருக்கும், அதுல இருக்கற டிக்கை எடுத்துட்டு இன்னொரு எண்ணுல போடுங்க. ரெண்டு கம்ப்யூட்டர்லயும் செய்யணும்" என்றார். நாத்தனார் தன் கம்ப்யூட்டரிலும் செய்தாள், அண்ணியின் கம்ப்யூட்டரிலும் செய்தாள். ஆளுக்கொரு லேபிள் அடித்துப் பார்த்தாள். சரியாக வந்தது. வீட்டுக்குப் போனாள். படிக்கட்டில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். "போர்ட்டை மாத்திட்டேன்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. வானத்தைப் பார்த்தபடி மாடிக்கு ஏறிவிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கடுகு எல்லாருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தாள். போர்ட், எண் எல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் யோசனை நேரானது: என் லேபிள் அந்தப் பிரிண்டரில் வருகிறதா, அப்படியானால் அந்தப் பிரிண்டர் என் மேஜைக்கு வரட்டும். இரண்டையும் தூக்கினாள், ஒயரோடு இடம் மாற்றி வைத்தாள். கையைத் தட்டித் தூசியை உதறினாள். "இதுக்குப் போய் ஒரு இன்சார்ஜ்" என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள். அடித்துப் பார்க்கவெல்லாம் இல்லை, அவ்வளவு நிச்சயம்.

யோசனை என்னவோ சரிதான். முந்தின நாள் சாயங்காலம் அவள் அதைச் செய்திருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும். ஒருத்தி நேராக்கியதை இன்னொருத்தி மறுபடி கோணலாக்கினாள். இரண்டு பேரும் நான்தான் நேராக்கினேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

கதவு திறந்ததும் பசியோடு காத்திருந்த கூட்டம் உள்ளே புகுந்தது. கடுகின் முன்னால் ஒரு தையல்காரர் உட்கார்ந்தார், நாத்தனாரின் முன்னால் ஒரு பஸ் டிரைவர். இரண்டு பேருக்கும் சர்க்கரைச் சோதனை. இரண்டு பட்டன்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தட்டப்பட்டன. இரண்டு பிரிண்டர்களும் கர்ரென்றன. இரண்டு பேரும் ரத்தம் எடுத்து, வந்த லேபிளைக் கிழித்து ஒட்டி, ட்யூபைக் கீழே போகும் தட்டில் வைத்தார்கள். பேரைப் படித்துப் பார்க்க வேண்டும் என்பது விதி. தானே சரி செய்ததை யார் படித்துப் பார்ப்பார்கள்? தட்டு கீழே போய்விட்டது.

அடுத்து கடுகின் முன்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். லேபிளில் ஆண் பேர் வந்தது. கடுகின் கை அப்படியே நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்துக் கவுன்டரில் நாத்தனாரும் ஒரு லேபிளைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணும் கண்ணும் நேராகப் பார்த்துக்கொண்டன. இரண்டு பேர் மனசிலும் ஒரே கேள்வி: அப்படின்னா முதல்ல போனது? கேட்டிருந்தால் காவலாளி ஒரே ஓட்டத்தில் கீழே போய் அந்த இரண்டு ட்யூப்களையும் நிறுத்தியிருப்பார். முதலில் வாயைத் திறக்கிறவள் தோற்றவள் ஆகிவிடுவாளே! கடுகு பார்வையை விலக்கினாள். இன்னொருத்தியும் விலக்கினாள். லேபிள்கள் காவலாளி கையில் மாறின. கொஞ்ச நேரத்தில் சிஸ்டம்காரர் வந்து, யார் எதைச் செய்தார்கள் என்று விசாரிக்காமல், இரண்டு பிரிண்டர்களுக்கும் மாறாத எண் கொடுத்து, போர்ட்டைச் சரியாக டிக் அடித்துவிட்டுப் போனார்.

முதலில் சரியாகத்தான் வந்திருக்கும் என்று கடுகு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்குப் பூராவும் சொல்லிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்துத் தையல்காரரின் மனைவி வந்தாள். வந்தாள் என்றா சொல்வது? கதவை உதைத்துக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

"எவ எங்க வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்தது?" என்று கேட்டாள். காத்திருந்த கூட்டம் முழுக்கத் திரும்பியது. "சர்க்கரை எக்கச்சக்கம்னு எழுதிக் குடுத்தீங்களே, அதைப் பார்த்து டாக்டர் மாத்திரை குடுத்தாரு. மனுஷன் மெஷின் மேலேயே சாஞ்சுட்டாரு. ஊசி விரல்ல ஏறிடுச்சு! வேற இடத்துல பாத்தா அவருக்குச் சர்க்கரையே கிடையாதாம். உங்களுக்கெல்லாம் கண்ணு பின்னந்தலையிலயா இருக்கு?"

கடுகு கையிலிருந்த ட்யூபின் லேபிளைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அந்தப் பெண் மேஜையைத் தட்டித் தட்டிக் கேட்டாள், காவலாளி தடுக்க வந்தபோது அவரையும் ஒரு பிடி பிடித்தாள். பஸ் டிரைவரோ தனக்குச் சர்க்கரை போயேபோச்சு என்ற சந்தோஷத்தில் மாத்திரையை நிறுத்திவிட்டு இரண்டு நாளாக இனிப்பாகத் தின்றுகொண்டிருந்தார். அவரைத் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள்.

பெரிய டாக்டர் மூன்று பேரைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்: கடுகு, நாத்தனார், சிஸ்டம்காரர். யாரையும் உட்காரச் சொல்லவில்லை.

"எனக்குக் காரணம் வேணும்" என்றார்.

சிஸ்டம்காரர் முந்திக்கொண்டார். "முந்தின நாள் சாயங்காலம் போர்ட்டை எப்படி மாத்தறதுன்னு இன்சார்ஜ் மேடத்துக்குப் போன்ல சொன்னேன் சார். நான் வந்து பாக்கறப்ப தப்பா இருந்துச்சு. மாத்தி டிக் அடிச்சிருக்காங்க போல."

கடுகு நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தாள். இவள் போர்ட்டை மாற்றினாளா? அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இவள் சரியாகத்தான் மாற்றியிருக்கிறாள். கெடுத்தது நான் தூக்கி வைத்த பிரிண்டர். அது இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"நீயா மாத்தின?" என்று டாக்டர் நாத்தனாரைக் கேட்டார்.

"ஆமா சார். ரெண்டு கம்ப்யூட்டர்லயும் நான்தான் மாத்தினேன்."

"வேற யாராவது எதையாவது தொட்டாங்களா?"

கடுகு தன் செருப்பைப் பார்த்தாள். ஒரு வாக்கியம், அவ்வளவுதான். சொன்னால் கீழ்த்தளம், ஜன்னல் இல்லாத அறை, இனிமேல் ஊசி கிடையாது. சொல்லாவிட்டால் அந்த மெமோக்காரி போவாள். நாலு வருஷமாக இதற்குத்தானே காத்துக்கொண்டிருந்தாய் என்று உள்ளே ஏதோ குதித்தது.

"தெரியல சார்" என்றாள் நாத்தனார்.

கடுகு ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளே நாத்தனார் கீழ்த்தளத்துக்குப் போனாள். இன்சார்ஜ் பதவி கடுகுக்கு வந்தது. வீட்டில் கணவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவ என்ன தப்பு பண்ணினா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "அதை அவளையே போய்க் கேளுங்க" என்று வெடித்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கேட்டுவிட்டு வந்து என்ன சொல்லுவாரோ என்று அங்கிருந்தே படிக்கட்டுப் பக்கம் காதை வைத்துக்கொண்டாள். அவர் மாடிக்குப் போனார், இறங்கி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதுதான் அவளைப் பிடித்து உலுக்கியது. அந்த நாத்தனார் மண்டு இல்லை. தான் அடித்துப் பார்த்து, சரியாக வந்ததைக் கண்ணால் கண்டவள், அது எப்படித் தப்பாகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்காமலா இருப்பாள்? யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரிந்தும் சொல்லவில்லை என்றால்? ரத்தம் எடுக்கும்போதெல்லாம் கடுகுக்கு இதே நினைப்பு. என்ன இருந்தாலும் அண்ணி என்று ஒரு எண்ணம் மிச்சமிருக்கிறதோ? நான் கையை நீட்டிக் கற்றுக்கொடுத்ததை மறக்கவில்லையோ? நினைக்க நினைக்கக் கண் கலங்கியது. நான்தான் படுபாவி, அவள் தங்கம் என்று ஒரு நாள் முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டு, மதியம் கூட்டம் குறைந்ததும் படியிறங்கிக் கீழே போனாள். டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனாள்.

நாத்தனார் கையுறை போட்டுக்கொண்டு ட்யூப்களை மூடியின் நிறம் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"உனக்குத் தெரியுமா?" என்றாள் கடுகு. குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"பிரிண்டரைத் தூக்கி வச்சதா? தெரியும்."

"எப்ப?"

"மூடி விரிசல் விட்டது உங்க பிரிண்டர். தையல்காரர் சம்சாரம் கத்தின அன்னிக்கு அது என் மேஜையில இருந்துச்சு. டாக்டர் ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன்டி சொல்லல? நான் உனக்கு என்ன..." கடுகு ஓரடி கிட்டே வந்தாள். "நீ சொல்லியிருக்கலாமே!"

நாத்தனார் கையிலிருந்த ட்யூபை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் கோபம் கூட இல்லை.

"சொல்லியிருந்தா நீங்க இங்க இருப்பீங்க, நான் மேல இருப்பேன். தினமும் எங்கண்ணன்கிட்டயும் எங்கம்மாகிட்டயும் என்னைப் பத்தி அழுவீங்க. கை நீட்டிக் கத்துக்குடுத்தேன், என் பொழப்பைக் கெடுத்துட்டான்னு ஊர் பூரா சொல்லுவீங்க. எல்லாரும் உச்சுக் கொட்டுவாங்க. நாலு வருஷமா அதைத்தானே கேட்டுட்டிருந்தேன்? அந்த ரூம்ல நீங்களே சொல்லுவீங்களான்னு பாத்தேன். செருப்பைப் பாத்துட்டு நின்னீங்க. சரி, இதுவே நல்லதுன்னு விட்டுட்டேன். இனிமே என்னைப் பத்திக் குறை சொல்ல உங்களுக்கு வாய் இருக்காது அண்ணி. இந்த ஜென்மத்துக்கு இருக்காது. அதுக்கு நான் இந்த ரூம்ல எத்தனை வருஷம் வேணாலும் இருப்பேன்."

கடுகு தட்டிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தாள், திருப்பி வைத்தாள்.

"போங்க. கவுன்டர்ல ஆள் நிப்பாங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் அடுத்த ட்யூபை எடுத்தாள்.

கடுகு மேலே ஏறினாள். வந்த கண்ணீர் எங்கே போனதோ, நெஞ்சு முழுக்க நெருப்பாக எரிந்தது. தங்கமாம், தங்கம். பெரிய டாக்டரின் அறைக் கதவு திறந்திருந்தது. வாசலில் அவள் நிற்பதைப் பார்த்து அவர் நிமிர்ந்தார்.

"என்னம்மா? ஏதாவது சொல்லணுமா?"

"ஒண்ணுமில்ல சார்" என்றாள் கடுகு. கவுன்டருக்குப் போய், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவரிடம் பேர் கேட்டாள்.